திரும்பி வந்த வரிசை

இன்று ஆபீஸில் யூ.பி.எஸ். கத்தியதும் பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் லேபின் வாசம் மூக்கில் ஏறியது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு நுழையும் சில்லென்ற அறை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். அதுவரை கம்ப்யூட்டரைத் தொட்டதுகூட இல்லை. அந்த வாரம் புரோகிராம் ஓடாவிட்டால் வேறு குரூப்புக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தார் சார்.

வரிசைக்கு வரிசை ஒன்று முதல் ஐந்து வரை வரவேண்டும். என் திரையில் முதல் வரிசை அப்படி வந்தது. அடுத்த வரிசை ஐந்தில் தொடங்கி ஒன்றில் முடிந்தது; அதற்கடுத்தது மறுபடி ஒன்றில் தொடங்கியது.

"ஏம்மா, இது மட்டும் ஏன் திரும்பி வருது?"

"நூலை இழுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போன நாடா இந்தப் பக்கம் திரும்பி வரணுமே சார்? எங்க தறியில அப்படித்தான் நெய்வாங்க."

லேபே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டார். "நான் கேட்டதைவிட இதுதாம்மா கஷ்டம். நீ எங்கயும் போவ வேணாம், இங்கயே இரு."

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா தறியை நிறுத்தினார். "அப்ப அந்தப் பொட்டி நீ சொன்னத கேட்டுச்சா?"

"கேட்டுச்சுப்பா!"

அம்மா அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். "பரவால்லியே, அதுவாவது சொன்ன பேச்சு கேக்குது."

இன்றுவரை கேட்கிறது. கேட்காத நாளில் நானும் அதை விடுவதில்லை.