நாற்காலிக்கு அனுமதி கேட்டவர்

எண்பதுகளின் நடுவில், பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் தமிழ் அகதிகளான நாங்கள் கூடும் தேநீர்க்கடைக்குச் சனிக்கிழமைகளில் ஓர் அமெரிக்கர் வருவார். கதவுநிலைக்குக் குனிந்துதான் உள்ளே நுழைவார். காற்சட்டை கணுக்காலுக்கு மேலே நிற்கும். கடை பாதி காலியாக இருந்தாலும், பக்கத்தில் இருப்பவரிடம் "இங்கே உட்காரலாமா?" என்று கேட்காமல் உட்காரமாட்டார். அவருடைய பிரெஞ்சு என்னுடையதைவிட மோசம். அதனாலேயே அவர்முன் எனக்குத் துணிச்சல் அதிகம்.

ஒருநாள் வடை தின்றுகொண்டிருந்த என்னிடமும் அப்படிக் கேட்டார். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டு, மிச்ச நேரத்தில் நான் ஏகாதிபத்தியத்தை எதிர்த்துக்கொண்டிருந்த காலம். விடுவேனா?

"நாடு நாடாக நுழையும்போது உங்கள் இராணுவம் இப்படிக் கேட்டதா?" என்று தொடங்கினேன். ஏவுகணை, எண்ணெய், டொலர் எல்லாம் வந்தன. அவர் தேநீரை ஏந்தி நின்றபடியே எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"தம்பி, அந்தாளை முதல் இருக்க விடு. தேத்தண்ணி ஆறுது," என்றார் கடைக்கார அண்ணை.

"நீங்கள் தெரிவுசெய்த அரசாங்கம்தானே?" என்றேன் விடாமல்.

"நான் வாக்குப் போட்டவர் தோற்றுவிட்டார்," என்றார் அமெரிக்கர். பிறகு மெதுவாக, "உங்கள் அரசாங்கம் செய்வதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பா?"

அந்த அரசாங்கத்துக்குப் பயந்து ஓடிவந்தவன் நான். வடையை விழுங்கிவிட்டு, "அது வேறு," என்றேன்.

அதற்கும் தலையாட்டினார். நான் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

என்ன வேறு என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். கேட்காததால்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.