இடியோபதிக் என்றால் காரணம் தெரியாது

கோயமுத்தூரில் ஒரு மருத்துவமனையில்தான் அந்தச் சொல் எங்கள் குடும்பத்துக்குள் நுழைந்தது. அண்ணனின் நுரையீரல் தழும்பேறி இறுகிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் தமிழில் சொன்னார். இனி அது பழையபடி ஆகாது, மாத்திரையால் வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான் என்பதையும் தமிழில்தான் சொன்னார். எதனால் வந்தது என்று கேட்டபோது மட்டும் ஆங்கிலத்துக்குப் போய்விட்டார். ‘இடியோபதிக்’ என்றார். அதற்குள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அண்ணனும் நங்கையும் என் முகத்தையே பார்த்தார்கள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவோம். நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள். வாஷிங் மெஷின் மேல் எழுதியிருப்பதற்குக்கூடச் சொந்தக்காரர்கள் என்னிடம்தான் அர்த்தம் கேட்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது.

“காரணம் தெரியலைன்னு அர்த்தமுங்க நங்கை.”

“தெரியலைன்னு சொல்றதுக்கா அம்மணி இத்தன டெஸ்ட்டு எடுத்தாங்க?”

நான் விடாமல் பாடம் நடத்தினேன். கிரேக்கத்திலிருந்து வந்த சொல். முன்பாதிக்குத் தன்னுடையது, பின்பாதிக்குத் துன்பம் என்று பொருள். வேறெதிலிருந்தும் வராமல் தானாகவே முளைத்த நோயை அப்படிச் சொன்னார்கள். இப்போது டாக்டர்கள் எல்லாவற்றையும் தேடிப் பார்த்து ஒன்றும் அகப்படாதபோது சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது என்பதை இவ்வளவு மிடுக்காகச் சொல்ல ஆங்கிலத்தால்தான் முடியும். அண்ணன் மரியாதைக்குத் தலையாட்டினார்.

சூலூரில் வீட்டை ஒட்டியே அண்ணனின் தறிக்கூடம். பஞ்சுத் தூசியாக இருக்குமோ என்று டாக்டரிடமே கேட்டிருந்தோம். அப்படித் தெரியவில்லை என்றுவிட்டார். பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாகப் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்ததும் கேட்டது ஒன்றுதான்: “ஏனுங்க, எதனால வந்துச்சாமா?” நங்கை என்னைக் கைகாட்டுவார். நான் அந்தச் சொல்லைச் சொல்வேன். சொல்லச் சொல்ல எனக்கே அது வெறும் சத்தமாகிவிட்டது.

ஒருநாள் காலையில் நங்கை போன் செய்தார். “காரணம் தெரியலைன்னா, ஆரோ என்னமோ செஞ்சுபோட்டாங்கன்னுதான அம்மணி? ஆனைமலைக்குப் போயி மொளகா அரைச்சுப்போட்டு வந்தர்லாம்.”

திருட்டுக் கொடுத்தவர்களும் ஏமாந்தவர்களும் அங்கே மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். தப்புச் செய்தவர் யாரென்று தெரியாவிட்டாலும் அம்மன் பார்த்துக்கொள்வாள். அந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு அர்த்தமே கிடையாது என்று கத்தினேன். “பின்ன எதனாலதான் வந்துச்சு, நீயே சொல்லு” என்றார். காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மிளகாய் நெடி ஆகாதென்று கோயிலுக்குத் தள்ளிக் காரை நிறுத்தி, அண்ணனைப் பின்சீட்டிலேயே உட்காரவைத்தோம். நானும் நங்கையும் மாறி மாறி அரைத்தோம். பாதியில் அவர் கையை எடுத்துவிட்டு, “ஆரைச் சொல்லி அரைக்கறது அம்மணி?” என்று கேட்டார். பங்காளிகளையா? தறிக்கூடத்தை விலைக்குக் கேட்டவரையா? யார் பேரைச் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். யாரையும் சொல்லாமலே பூசிவிட்டு வந்தோம்.

சோப்புப் போட்டுக் கழுவியும் கையிலிருந்து நெடி போகவில்லை. நங்கை பின்கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் அண்ணனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பதறிப்போய் இறங்கி முன்சீட்டுக்கு வந்தவர், ஜன்னலை இறக்கி இரண்டு கையையும் வெளியே நீட்டிக்கொண்டார். பொள்ளாச்சி தாண்டியும் இருமல் நிற்கவில்லை. “ஒண்ணுமில்ல, நீ பாத்து ஓட்டு அம்மணி” என்றார் அண்ணன், இருமலுக்கு நடுவே. முதுகைத் தடவிக்கொடுக்க எங்கள் இருவர் கையும் ஆகவில்லை.