சன்னல் வழியே போன வயர்

என் கணவர் லிந்துலையில் வாடகைக் கார் ஓட்டினார். நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே, ரோட்டோரமாக எங்களுக்கு ஒரு சின்ன வீடு. எண்பதுகளின் தொடக்கம் அது. யாருக்காவது பிரசவ வலி வந்தால், நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போக எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள்.

அவருக்கு இழுப்பு. பனி கொட்டும் விடியற்காலையில் அந்தப் பழைய கார் லேசில் கிளம்பாது. முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றுவார். கார் உறுமுவதற்குள் இவருக்கு மூச்சுத் திணறிவிடும். பொனெட்டின் மேல் கவிழ்ந்து கிடப்பார். நான் ஓடிப்போய் முதுகைத் தடவுவேன்.

"பனிக்குள்ள நிக்கவே கூடாது" என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் யோசித்துக்கொண்டே இருந்தவர், சாப்பிடும்போது சொன்னார்: "நான் வெளிய போறதுக்கு முந்தியே கார் ஸ்டார்ட் ஆகி நின்னா என்னா?"

"யாரு ஸ்டார்ட் பண்றது? பேயா?" என்று சிரித்தேன்.

தலவாக்கலையில் உடைத்துப் போட்டிருந்த லொறி ஒன்றிலிருந்து பெரிய பேட்டரியும், டப்பா மாதிரியான ஸ்டார்ட்டர் சுவிட்ச் ஒன்றும் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து வந்ததும் வேலை தொடங்கியது. அவர் காருக்கடியில் மல்லாந்து படுத்திருக்க, அவர் கேட்ட ஸ்பேனரை நான் எடுத்துக் கொடுத்தேன். சன்னல் சட்டத்தில் ஓட்டை போட்டது நான்தான். அந்த ஓட்டை வழியாக வயரை இழுத்து, கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் பலகை அடித்து, இரண்டு சுவிட்ச் பொருத்தினோம். ஒன்று சாதாரண லைட் சுவிட்ச். அதைப் போட்டால் காரின் சாவியைத் திருப்பியது போல. இன்னொன்று வாசல் மணிக்கு வைக்கிற பெல் சுவிட்ச். அதை அமுக்கினால் எஞ்சின் சுற்றும். ஓட்டிப் போகும்போது காரிலிருந்து வயரைக் கழற்றிவிடலாம்.

"கியர்ல மட்டும் விட்டுறக் கூடாது. வீட்டுக்குள்ள வந்துரும்" என்றார். கார் உருளாமல் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார்.

மறுநாள் விடிந்ததும் கம்பளிக்குள் இருந்தபடியே அமுக்கினார். வெளியே ஆளில்லாத கார் இருமி, குலுங்கி, எஞ்சின் ஓடத் தொடங்கியது. சின்னப் பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தேத்தண்ணி குடித்து, தொப்பியும் மப்ளரும் மாட்டி அவர் வெளியே போகும்போது கார் இளஞ்சூடாகியிருக்கும். அந்த வருடம் முழுக்க அப்படித்தான் நல்லாப் போனது.

அடுத்த குளிரில் அவர் உடம்பு விழுந்துவிட்டது. ஒரு நாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குத் தப்பு அடிப்பதற்கு முன்னால், கீழ் லயத்துக்காரர் ஓடி வந்தார். அவர் பெண்சாதிக்குத் தலைப்பிரசவம்.

"அண்ணே, வலி வந்துருச்சுண்ணே. சீக்கிரமா வாங்க!"

இவர் முதல் நாள் மாலையிலிருந்தே இழுத்துக்கொண்டிருந்தார். பேச்சு வரவில்லை. கை நீட்டிச் சுவிட்சை அமுக்கினார். கார் ஒரே தடவையில் கிளம்பிவிட்டது. சட்டையைப் போட எழுந்தார், கால் நிற்கவில்லை. என் தோளைப் பிடித்துக் கதவு வரைக்கும் வந்து, நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"டீச்சர், நீங்க ஓட்டுவீங்களா?" என்று அந்த மனுசன் கேட்டார். எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

ஃபெக்டரியிலிருந்து தோட்டத்து லொறியை வரவழைக்க நேரமாகிவிட்டது. அந்தப் பெண்ணைச் சாக்குகள் மேல் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். எங்கள் வாசலைத் தாண்டித்தான் லொறி போனது. அதுவரைக்கும் எங்கள் கார் நின்ற இடத்திலேயே சும்மா ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தட்டுமா என்று நான் கேட்டேன். அவர் லொறி போன வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

தேறியபின் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். "அண்ணே, ஏன் மூஞ்சத் திருப்பிக்கிறீங்க? ஒங்களுக்கு முடிஞ்சிருந்தா வராம இருந்திருப்பீங்களா?" என்றாள். அவருடைய முதுகு குலுங்கியது. அவள் ரொம்ப நேரம் இருந்துவிட்டு, எனக்காகக் கொஞ்சம் விறகு பிளந்து வைத்துவிட்டுப் போனாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். காரைப் பூண்டுலோயாக்காரர் ஒருவர் வாங்கிப் போனார். வீட்டில் தனியாக இருக்கப் பயந்த நாட்களில் அந்தப் பெண்தான் வந்து என்னோடு படுத்துக்கொண்டாள்.

தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். பிறகு அவளுக்கும் அவள் புருசனுக்கும் அங்கே போகப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. தலவாக்கலை ஸ்டேசனில் தகரப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று, "அங்க எனக்கு யாரத் தெரியும் டீச்சர்?" என்று அழுதாள். என் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டேன். அவர்கள் போன ஊரில் குளிரே இல்லை என்று பிறகுதான் யாரோ சொன்னார்கள்.