ஓடாத மோட்டார்

எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில் தேர்வுக்கென்றே ஐந்தாறு பழைய மோட்டார்கள் இருந்தன. மூடி கழற்றிய இரும்பு உருளைகள், உள்ளே கம்பி உட்காருவதற்கான பள்ளங்கள், அவ்வளவுதான். தேர்வெழுத வருகிறவர்கள் அதில் செம்புக் கம்பி சுற்றுவார்கள், ஆசிரியனாகிய நான் மதிப்பெண் போடுவேன், மறுநாள் கம்பியை அறுத்து எடுத்துவிடுவோம். அந்த மோட்டார்களில் ஒன்றுகூட ஒருநாளும் ஓடியதில்லை. ஓட வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றியதும் இல்லை.

மோட்டார் கடை அக்கா சேரன்மகாதேவியிலிருந்து தனித்தேர்வராக வந்தார். கணவரோடு சேர்ந்து பல வருடம் வயல் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றியவர். கணவர் திடீரென்று இறந்துவிட, கடைக்கிருந்த மோட்டார் கம்பெனி சர்வீஸ் உரிமையை அக்கா பெயருக்கு மாற்றக் கம்பெனிக்காரர்கள் சான்றிதழ் கேட்டார்கள். இல்லையென்றால் உரிமை வேறு கடைக்குப் போய்விடும். விண்ணப்பத்தில் 'பயிற்சி பெற்ற இடம்' என்ற கட்டத்தில் 'எங்க கடை' என்று எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. மில்லில் ஒரு வருடம் அப்ரண்டிஸாக இருந்து, மாதாமாதம் கையெழுத்து வாங்கிய புத்தகத்தை இன்னும் பீரோவில் வைத்திருப்பவன் நான். அதில் பாதி நாள் ஸ்டோர் ரூமில் போல்ட்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் புத்தகத்தில் இருக்காது.

தேர்வு மூன்று மணி நேரம். எல்லாரும் சுற்றத் தொடங்கியபோது அக்கா பள்ளங்களின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, பையிலிருந்து சின்ன அரத்தை எடுத்து ராவ ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் கழித்தும் ராவிக்கொண்டிருந்தார். என்னோடு மதிப்பெண் போட வந்திருந்த தேர்வாளர் என்னிடம், “என்ன வே, வயலுக்குக் கொண்டுபோற மோட்டார் மாதிரில்லா அந்தம்மா வேலை பாக்காவ” என்றார். நானும் சிரித்தேன். பிறகு அருகில் போய், நேரம் போகிறது என்று சொன்னேன்.

“ஓரம் கத்தியா இருக்கு சார். இப்படியே சுத்துனா கம்பி மேல உள்ள பூச்சைக் கிழிச்சிரும். பத்து நாள்ல எரிஞ்சிரும்லா” என்றார், நிமிராமலே.

மணி அடித்தபோது நான்கு சுருள்கள் பாக்கி. 'வேலை முடியவில்லை' என்று எழுதி அவரை ஃபெயிலாக்கினேன். கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தேன். அடுத்த பரீட்சை எப்போது என்று மட்டும் கேட்டார். கம்பெனிக்காரர்கள் அதுவரைதான் பொறுப்போம் என்றிருந்தார்கள்.

இடையில் என் மைத்துனர் வயல் மோட்டார் எரிந்துபோய், அதைத் தூக்கிக்கொண்டு அக்கா கடைக்கே போக வேண்டியதாயிற்று. அக்கா முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவரோ எனக்கு ஸ்டூல் போட்டுவிட்டு, வேலை செய்தபடியே அந்தக் கடையின் வழக்கத்தைச் சொன்னார். சுற்றியவரேதான் மோட்டாரை வயலில் மாட்ட வேண்டும், மறுபடி எரிந்து வந்தால் அவரேதான் பிரிக்க வேண்டும். அது கணவர் வைத்த சட்டம். அக்கா முதன்முதலில் சுற்றியது ஒன்பதே நாளில் திரும்பி வந்ததாம். கதிர் வரும் நேரம். வயல்காரர் கடைவாசலில் நின்று ஏசிக்கொண்டிருக்க, இவர் உள்ளே பிரித்துக்கொண்டிருந்திருக்கிறார். “கருகுன எடத்தை நானே தேடிக் கண்டுபிடிச்சேன் பாருங்க, அன்னைக்குத்தான் சார் எனக்கு இந்த வேலை தெரிஞ்சுது.”

நான் சுற்றிய மோட்டார் எதுவும் என்னிடம் திரும்பி வந்ததே இல்லை. தன் தப்பு தன் கைக்கே திரும்பி வராத பயிற்சியை எத்தனை வருடம் செய்தாலும் அது பயிற்சியில்லை என்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. உறைத்தும் என்ன செய்தேன்? கிளம்பும்போது, “அடுத்த தடவை அரத்தை வீட்டுல வச்சிட்டு வாங்கம்மா” என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவர் சரியென்று தலையசைத்தார்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அக்கா கடையில் அந்தச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. பேருந்தில் போகும்போது அது கண்ணில் பட்டால் இரண்டாவது தேர்வு நினைவுக்கு வரும். அன்று அக்கா அரம் கொண்டு வரவில்லை. இரண்டேகால் மணி நேரத்தில் எல்லாச் சுருளையும் முடித்து, பார்க்க அவ்வளவு அழகாகக் கட்டி வைத்தார். முழு மதிப்பெண் போட்டேன்.

“பாஸ்தானே சார்?” என்று கேட்டார்.

“பாஸ்தாம்மா.”

“அப்ப இதை இன்னைக்கே பிரிச்சிருங்க. எங்க கடை வேலைன்னு இது வெளியே போயிரக் கூடாது.”

அவர் போன பிறகு நானே உட்கார்ந்து பிரித்தேன். மூன்று இடங்களில் கம்பியின் பூச்சு கிழிந்திருந்தது. மதிப்பெண் பட்டியல் அதற்குள் கையெழுத்தாகி அலுவலகத்துக்குப் போயிருந்தது.