சிவப்புத் துணி கட்டிய கல்

எனக்கு எழுபத்து மூன்று வயதாகிறது. பெற்றது ஐந்து. செத்துப்போன நாத்தனாரின் பிள்ளையையும் சேர்த்து ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஒருத்தரும் அடுத்த வீட்டுக் கொடியில் காய்ந்த துணியைக்கூடத் தொட்டதில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

இப்போது கடைசி மகனோடு இருக்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, அதாவது லயத்துக்கு, அவன்தான் தண்ணீர்க்காரன். மேலே காட்டோரம் ஓடையை மறித்துக் கட்டிய தொட்டியிலிருந்து கறுப்புக் குழாய் ஒன்று தேயிலைக்குள் இறங்கி லயத்துக்கு வருகிறது. தொட்டியில் சேரும் இலையை வாருவது, வெடித்த குழாயைக் கட்டுவது, சாவியை வைத்துக்கொள்வது எல்லாம் அவன் வேலை. அந்த வேலைக்காகத்தான் தோட்டத்தில் இந்த வீட்டைக் கொடுத்திருக்கிறார்கள்.

போன வருஷம் மழை குறைந்தபோது தண்ணீர் இளைத்தது. குழாயைத் திறந்தால் முதலில் காற்று வரும், பிறகு நூல் மாதிரி தண்ணீர் வரும். தொட்டிக்குத் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. லயத்துக்குத்தான் வந்து சேரவில்லை. நடுவில் யாரோ எடுக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சுற்றிலும் காய்கறித் தோட்டங்கள் பிளாஸ்டிக் கூரை போட்டுப் பெருகிக் கிடக்கின்றன. பிரிஞ்சாங் டவுனில் ஹோட்டல் கூடக் கூடத் தக்காளியும் கூடத்தானே வேண்டும்.

லயத்து ஆண்கள் குழாய் வழியே தேடிப் போனார்கள். பாராங் கத்தியால் புதரை வெட்டினார்கள், மண்ணைக் கிளறினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததால் பழி என் மகன்மேல் விழுந்தது. லீவு நாளில் அவன் மோட்டார் சைக்கிளில் திரிங்காப் பக்கம் போய்க் காய்கறிக்காரர்களுக்கு லோரியில் மூட்டை ஏற்றிக் கொடுப்பான். வரும்போது முட்டைக்கோஸ் கொண்டுவந்து நாலு வீட்டுக்கும் கொடுப்பான். அதைத் தின்ற வாய்களே பேசின. வாட்சப்பில் பேர் சொல்லாமல் எழுதினார்கள்.

கோயில் தலைவர் என் காதுபடவே சொன்னார். "முட்டக்கோச சும்மாவா குடுப்பானுங்க? நம்ம தண்ணிதான்லா அங்க முட்டக்கோசா வெளையுது."

"நேத்து கறி வச்சுத் தின்னப்ப தெரியலையா தம்பி, அது யாரு தண்ணின்னு?" என்றேன்.

நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்ததோடு பேச்சு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூசையில் மகன் எல்லார் முன்னாலும் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும், இல்லையென்றால் தோட்டத்துத் துரையிடம் சொல்லிச் சாவியைப் பிடுங்கிவிடுவோம் என்றார்கள். சாவி போனால் வீடும் போகும்.

"செய்யாத தப்புக்கு நான் ஏம்மா சூடம் அணைக்கணும்?" என்றான் மகன். அணைக்காதே என்றுதான் நானும் சொன்னேன். ஆனால் அணைக்காதவனைத் திருடன் என்றுதான் சொல்வார்கள். என் பிள்ளை செய்யமாட்டான் என்று நான் சொல்லி யார் கேட்பார்கள்? எல்லாத் தாயும் சொல்வதுதானே. மருமகள் பாத்திரங்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நானே ஏறினேன். முழங்கால் வலிக்கு நின்று நின்று போனேன். பாதி ஏற்றத்தில் குழாய் போகும் வழியில் ஒரு கல் இருக்கிறது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி கட்டி, முன்னால் ஒரு சின்னச் சூலம். வேண்டுதலுக்காக யாரோ முனியாண்டியை வைத்திருக்கிறார்கள் என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். யார் வைத்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. திருட்டுக் குழாயைத் தேடிப் போன ஆண்களும் அங்கே சிலிப்பரைக் கழற்றி, கும்பிட்டு, ஒதுங்கிப் போனவர்கள்தான்.

என் மகனைக் காப்பாற்று என்று கல்லின்மேல் கை வைத்தேன். கல் அதிர்ந்தது.

உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய் அப்படியே நின்றேன். பிறகுதான் காதில் விழுந்தது, இஸ்ஸென்று ஒரு சீறல். வீட்டுக் குழாயில் இணைப்பு சரியாகப் பொருந்தாவிட்டால் அப்படித்தான் சீறும்.

அங்கேயே புரட்டியிருக்கலாம். தனியாகப் புரட்டினால் கிழவியே செய்துவைத்துவிட்டுக் காட்டுகிறாள் என்பார்கள். கீழே இறங்கிப்போய் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தேன்.

"புரட்டுங்க," என்றேன்.

யாரும் அசையவில்லை. "அக்கா, கீழ ஒண்ணும் இல்லன்னா என்னா செய்வீங்க?" என்றார் தலைவர். "சாமியப் புரட்டுன பாவம் ஒங்க குடும்பத்துக்குத்தான். அப்புறம் ஒங்க மகன் சூடம் அணைச்சாலும் எவனும் நம்பமாட்டான்."

அவர் சொன்னது சரி. அத்தனை பேர் பேச்சில் அந்தச் சீறல்கூட எனக்குக் கேட்கவில்லை. காலையில் கேட்டது நிஜம்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

மகன் பக்கத்தில் வந்தான். "வேணாம்மா. வீட்டக் குடுத்துட்டுப் போயிரலாம்."

சிலிப்பரைக் கழற்றினேன். சூலத்தைப் பிடுங்கி மகன் கையில் கொடுத்தேன். மன்னித்துக்கொள் அப்பனே என்று சொல்லிக் கல்லை இரண்டு கையாலும் பிடித்துப் புரட்டினேன்.

தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு தலைவர் சட்டையில் அடித்தது. எங்கள் கறுப்புக் குழாயை அறுத்து நடுவில் ஓர் இணைப்பு போட்டிருந்தார்கள். அதிலிருந்து நீலக் குழாய் ஒன்று மண்ணுக்குள் போனது. தோண்டிக்கொண்டே போனோம். பக்கத்துச் சரிவில், முன்பு எங்கள் லயத்திலேயே இருந்துவிட்டுக் காய்கறி போடப் போன ஒருவருடைய தக்காளிக் கொட்டகையில் போய் நின்றது.

"செடியெல்லாம் காஞ்சு போச்சுக்கா," என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல். "சாமின்னா நம்மாளுங்க தொடமாட்டாங்கன்னு…"

"தொடமாட்டோம்னு தெரிஞ்சுதானே வச்ச," என்றேன்.

நீலக் குழாயை அறுத்துப் போட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் சூடத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சாவி மகனிடமே இருக்கிறது.

அன்றைக்கு மேலேயிருந்து இறங்கி வரும்போது அவனிடம் கேட்டேன். "தெனம் இந்த வழியாத்தான போற, ஒரு தடவகூட சத்தம் கேக்கலையா?"

"கேட்டுச்சும்மா. முனியாண்டி மூச்சு விடுறார்னு நெனச்சேன். தண்ணி வரணும்னு எலுமிச்சம்பழம் வேற வெட்டி வச்சேன்."

இதை மட்டும் எழுதவேண்டாம் என்கிறான் இப்போது. லயமே ஏமாந்திருக்கும்போது அவன் மட்டும் எதற்கு வெட்கப்பட வேண்டும்? எழுதிவிட்டேன். என் கோணல் எழுத்து பேத்திக்குத்தான் பிடிபடும்.

வா ஆத்தா, இப்படி உட்காரு. உங்கப்பா வர்றதுக்குள்ள இத மொதல்லருந்து படிச்சுக் காட்டு.