பாரம் குறைத்தவர்

பட்டறைக்காரருக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. லாரிக்கு அடியில் சுமை தாங்கும் இரும்புப் பட்டைகளை அடித்து மாட்டுவது அவர் தொழில். எழுபது தாண்டியும் நின்றபடியே வேலை, நின்றபடியே சாப்பாடு. அப்படிப்பட்டவர் பட்டறை வாசலில் கிடந்த ரப்பர் குழாய் தடுக்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் முறிந்த இடுப்பெலும்புக்குத் தகடும் திருகாணியும் வைத்துத் தைத்து அனுப்ப, இப்போது வீட்டு முன்னறையில் கட்டிலோடு கிடந்தார்.

கிடந்தார் என்பது பேருக்குத்தான். கைகள் போர்வையைச் சுருட்டும், விரிக்கும், மறுபடி சுருட்டும். தெருவில் லாரி போனால், "பின்பக்கம் ஒரு பட்டை விட்டிருக்கு, பாவி ஓட்டிக்கிட்டே போறான்" என்பார். அடுத்த மூச்சில், "அந்த வாக்கரைக் கொண்டா."

"உங்களைத் தூக்கி நிறுத்த நான் என்ன கிரேனா? நடக்கப் பழக்குற பிசியோ பொண்ணு வரட்டும்" என்பாள் மனைவி. அவளுக்கே மூட்டுவலி.

போன தடவை டாக்டர் காயத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். தையல் இன்னும் ஈரமாக இருந்தது. "உடம்புல சத்தே இல்ல. இப்படியே இருந்தா காயமும் ஆறாது, எலும்பும் கூடாது. சீக்கிரம் எழுந்து நடக்கலேன்னா அப்புறம் படுக்கைதான்."

அன்றிலிருந்து அவள் முட்டை, பால், மீன், பருப்பு என்று ஆக்கிப் போட்டாள். தட்டு காலியாகத்தான் திரும்பியது. ஆனால் அவர் சட்டை நாளுக்கு நாள் தொளதொளத்தது. ஜன்னலுக்கு வெளியே திரிந்த பூனை மட்டும் உருண்டு திரண்டது.

ஒரு நாள் காலை குளிக்கப் போவதுபோல் போய்க் கதவோரம் நின்றாள். அவித்த முட்டை ஜன்னல் கம்பி வழியாகப் போனது.

"என்னங்க இது?"

திருதிருவென விழித்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கென்ன தெரியும்? புதுப் பட்டை மாட்டின வண்டியை எடுத்த எடுப்பிலேயே லோடோட விடுவாங்களா? கொஞ்ச நாள் காலியா ஓட்டணும். அந்தக் கால்ல முழு பாரம் கொடுக்காதீங்கன்னு டாக்டரே சொன்னாரே. நான் பாரத்தைக் குறைக்கிறேன்."

"அப்ப இத்தனை நாளா நான் மீன்ல முள்ளெடுத்தது பூனைக்கா?"

அவர் பதில் சொல்வதற்குள் பிசியோ பொண்ணு வந்துவிட்டாள். தப்பித்தோம் என்று அவர் கட்டில் விளிம்புக்கு நகர்ந்தார். "பாப்பா, இன்னிக்கு நடந்தே காட்டறேன் பாரு."

வாக்கரைப் பிடித்து எழுந்தார். தகடு வைத்த கால் அசையாமல் இருந்தது. நடுங்கியது இன்னொரு கால். முழங்கால் உதற, கைகள் ஊன்றத் திராணியில்லாமல் மடங்க, தொப்பென்று கட்டிலிலேயே விழுந்தார். அந்தப் பெண் சட்டென்று தோளைத் தாங்கிக்கொண்டாள்.

"இது நல்ல காலாச்சே" என்றார்.

அந்தப் பெண் அவர் சட்டைக் கையை மேலேற்றினாள். சம்மட்டி தூக்கிய கையில் தோல் தொங்கியது. "எங்க தாத்தா போச்சு சதையெல்லாம்?"

"வண்டியைக் காலி பண்றேன்னு இன்ஜினைக் கழட்டிப் போட்டுட்டாரு" என்றாள் மனைவி. முழுக் கதையையும் சொன்னாள். அந்தப் பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"உள்ள ஒட்டுவேலை நடக்குது தாத்தா. அதுக்குச் சரக்கு கொடுக்கலேன்னா உங்க சதையிலேர்ந்து எடுத்துக்கும். அப்புறம் எதை ஊனி நிப்பீங்க?"

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னொரு தரம் நிக்கிறேன்."

மனைவி வாக்கரை இழுத்துக் கதவுக்கு அந்தப் பக்கம் வைத்தாள். அடுப்படியிலிருந்து இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் கொண்டுவந்தாள். "இது உள்ள போகட்டும். அது வெளிய வரும்."

"நான் என்ன கைதியா?"

"வாயைத் திறங்க."

முட்டையை அப்படியே வாயில் அடைத்துக்கொண்டார். கண் கதவிலேயே இருந்தது.

"மென்னு முழுங்குங்க தாத்தா" என்றாள் அந்தப் பெண், மடியில் பையை வைத்து உட்கார்ந்தபடி. "நான் எங்கயும் போகல."

அவர் கன்னம் உப்ப மென்றார். ஒரு கை அதற்குள் கட்டில் சட்டத்தைப் பற்றியிருந்தது.