பெரியவருக்குக் காத்த துடக்கு

இந்தியாவில் இறந்துபோன ஒரு சினிமாப் பாடகருக்காக எங்கள் வீட்டில் ஒருமுறை முப்பத்தொரு நாள் துடக்குக் காத்தோம். சாவு விழுந்த குடும்பம் அத்தனை நாளும் கோவிலுக்குள் கால் வைக்காமல், மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சாப்பிடாமல் இருப்பதைத்தான் எங்கள் பக்கத்தில் துடக்கு என்பது. இரத்த உறவுக்கு மட்டும் உரிய வழக்கம் அது. அந்தப் பாடகருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கடல் இருந்ததே தவிர உறவு எதுவும் இருக்கவில்லை.

இப்போதெல்லாம் பெரிய கலைஞர் யாராவது காலமானால் கொஞ்ச நேரத்துக்குள் என் கைத்தொலைபேசி மெழுகுதிரிப் படங்களால் நிறைந்துவிடுகிறது. பல்கலைக்கழக நண்பர்கள் அழகழகாக இரங்கல் எழுதுகிறார்கள். நானும் எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் இப்படி எழுதத் தெரிந்த முதல் ஆள் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே திருத்தித் திருத்தி எழுதுகிறேன். அடுத்த நாள் மத்தியானத்துக்குள் எல்லாம் மேலே போய் மறைந்துவிடும். அப்படி மறையும்போதெல்லாம் எனக்குச் சித்தப்பாவின் துடக்கு நினைவுக்கு வருகிறது.

சித்தப்பா அப்பாவின் தம்பி. கலியாணம் செய்யவில்லை. இணுவிலில் எங்கள் வீட்டு வளவிலேயே ஒரு தனி அறையில் இருந்தார். சாப்பாடு எங்கள் குசினியில். பகலில் அப்பாவோடு புகையிலைத் தோட்டத்தில் நிற்பார். பின்னேரம் முகம் கழுவி, நீளக்கைச் சட்டையைப் போட்டாரென்றால் பாடகர். கோவில் திருவிழாக்களில் பாடும் ஒரு கோஷ்டியில் இருந்தார். அங்கே அவர் பாடியதெல்லாம் ஒரே ஒருவருடைய பாட்டுக்கள்தான். அந்த ஒருவரை எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்வதில்லை, ‘பெரியவர்’ என்றே சொல்வோம். அவருடைய குரல் அச்சு அசலாகச் சித்தப்பாவின் தொண்டையில் இருந்தது. வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவர், ஒலிநாடாவைப் போட்டுவிட்டு இவர் சும்மா வாயை அசைக்கிறார் என்று சந்தேகப்பட்டு, மேடையில் ஏறி மைக்கைப் பறித்துப் பார்த்த கதையை அம்மா விருந்தினர்களுக்கு அடிக்கடி சொல்லுவா.

பெரியவர் இறந்த செய்தி விடியக்காலமை தொலைக்காட்சியில் வந்தது. அப்போது நான் நான்காம் வகுப்பு. சித்தப்பா தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் மண்வெட்டியை வாய்க்கால் வரம்பில் வைத்துவிட்டு, நீர் இறைக்கும் இயந்திரத்தை நிறுத்தி, கால் கழுவி, வீட்டுக்கு வந்து முற்றத்துக் கதிரையில் இருந்தார். அழவில்லை.

பிறகு சனம் வரத் தொடங்கியது.

முதலில் பக்கத்து வளவுக்காரர் வந்தார். சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு ஒழுங்கை முழுக்க ஆட்கள். வாசிகசாலைப் பெடியள் பிளாஸ்டிக் கதிரைகளைக் கொண்டுவந்து போட்டார்கள். யாரோ ஒழுங்கை முகப்பில் வெள்ளைக் கொடியும் கட்டிவிட்டார்கள். கொடியைக் கண்டு, கொடிகாமத்துக்கு மரக்கறி ஏற்றிக்கொண்டு போன ஒருவர் வாகனத்தை நிறுத்தி உள்ளே வந்தார். செத்தது ஆரெண்டு விசாரித்து, தெரிந்த பிறகும் எழும்பாமல் ஒரு கதிரையில் இருந்துவிட்டார். அம்மா குசினிக்கும் முற்றத்துக்கும் நடந்து களைத்துப்போனா.

“செத்தது அங்கை, தேத்தண்ணி ஊத்துறது இஞ்சை” என்றா என்னிடம், தட்டைக் கையில் தந்து. “கொண்டுபோய்க் குடு. சீனி காணாதெண்டு ஆரும் கேட்டால், செத்தவீட்டிலை உவ்வளவுதான் எண்டு சொல்லு.”

வந்தவர்கள் போகும்போது, செத்தவீட்டில் செய்வதுபோலவே, போட்டு வாறம் என்று சொல்லாமல் எழுந்து போனார்கள். ஒரு வயதான அம்மா மட்டும் போகமுன் சித்தப்பாவின் தலையைத் தடவிச் சொன்னா: “நீ இருக்கிறாய் எண்டதுதான் ராசா எங்களுக்கு ஆறுதல். இனி எங்களுக்கு அவரெண்டால் நீதான்.” அதைக் கேட்டுச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். சித்தப்பா குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோஷ்டியில் ஓர்கன் வாசிப்பவரை ஊரில் எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அவர்தான் கோஷ்டிக்கும் தலைவர். இரண்டு நாள் பொறுத்து மாஸ்டர் வந்தார். வருகிற கிழமை எங்கள் அம்மன் கோவில் பூங்காவனத் திருவிழாவில் பெரியவருக்கு அஞ்சலி நிகழ்ச்சி, முழுக்க அவருடைய பாட்டுக்கள், சித்தப்பா பாடுகிறார் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டதாம்.

“என்னாலை ஏலாது மாஸ்டர். எனக்குத் துடக்கு” என்றார் சித்தப்பா.

மாஸ்டர் சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை என்று கண்டதும் அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

“விசர்க்கதை கதையாதையும். அவர் உமக்கு மாமனோ, மச்சானோ?”

“அவர் அங்கை பாடிக்கொண்டிருக்க நான் இஞ்சை பாடினது வேற. இப்ப பாடினால்…” என்று தொடங்கிய சித்தப்பா முடிக்கவில்லை. “துடக்கெண்டால் துடக்குத்தான்” என்றார்.

மாஸ்டர் விடவில்லை. மறுநாள் கோவில் ஐயரையே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஐயர் வளவுக்குள் வராமல் படலைக்கு வெளியே நின்றபடி தீர்ப்புச் சொன்னார்.

“இரத்த உரித்து இல்லாதவருக்குத் துடக்குக் கிடையாது. நீர் தாராளமாய்க் கோவிலுக்கு வரலாம்.”

“இருவது வருஷமாய் அவரின்ரை தொண்டையாலைதான் ஐயா நான் சோறு திண்டனான். இதைவிட என்ன உரித்து வேணும்?”

ஐயர் கொஞ்சம் யோசித்தார். நல்ல மனிதர். “குருவெண்டு வைச்சுக்கொண்டால் மூண்டு நாள் இருக்கு. அது நேற்றோடை முடிஞ்சுது” என்றார்.

“மூண்டு நாள் எனக்குக் காணாது ஐயா.”

துடக்குக் காணாது, இன்னும் வேண்டும் என்று கேட்ட ஒருவரை ஐயர் தன் வாழ்நாளில் அன்றுதான் கண்டிருக்க வேண்டும். “உம்மடை மனம்” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார். வளவுக்குள் வராமல் அவர் படலைக்கு வெளியே நின்றது ஏன் என்று அம்மா மாஸ்டரிடம் கேட்டா. மாஸ்டர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்.

இதில் மிகவும் நட்டப்பட்டவர் அப்பா. “உவன் தன்ரை துடக்கைத் தானே காக்கட்டும், நான் கோவிலுக்குப் போவன்” என்று சொல்லி அவர் கோவிலுக்குப் போய்வந்தார். ஆனால் வீட்டில் மீன் நின்றுவிட்டது.

“ஆரோ பாட்டுக்காரன் செத்ததுக்கு என்ரை மீனை ஏனப்பா நிப்பாட்டுறாய்?”

“ரெண்டு சட்டி வைக்க என்னாலை ஏலாது” என்றா அம்மா. “வேணுமெண்டால் போய் உங்கடை அம்மன் கோவிலிலை வாங்கித் தின்னுங்கோ.”

எனக்கோ அந்தத் துடக்கு மிகவும் வசதியாக இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூட மண்டபத்தில் பூசை நடக்கும்; தேவாரம் படிப்பது என் பொறுப்பு. பாடகரின் பெறாமகன், அதாவது அண்ணன் மகன், என்ற ஒரே காரணத்துக்காக என்னைத் தெரிவு செய்திருந்தார்கள். எனக்குக் குரலும் இல்லை, விருப்பமும் இல்லை. அந்த வெள்ளி நான் மண்டப வாசலில் நின்றுகொண்டேன்.

“ஏன் உள்ளுக்கு வரேல்லை?” என்று சமய ரீச்சர் கேட்டா.

“எங்களுக்குத் துடக்கு ரீச்சர்.”

ரீச்சரின் முகம் மாறிவிட்டது. “ஐயோ, ஆர் மோனை?”

நான் பெரியவரின் பெயரைச் சொன்னேன். பின்வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரீச்சர் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் சிரிப்பு நின்றது. “சரி, நீ வெளியிலை நில்” என்றா. பூசை முடிந்ததும் அவவே நான் நின்ற வேப்பமரத்தடிக்கு வந்து, “சித்தப்பா ஒழுங்காய்ச் சாப்பிடுறவரே?” என்று கேட்டா. நான் அன்றைக்கு அவர் எத்தனை இடியப்பம் சாப்பிட்டார் என்று சொன்னேன். என்னிடமிருந்து அவ வேறு ஏதோ பதிலை எதிர்பார்த்திருக்கலாம்.

பூங்காவனத்துக்குக் கொடிகாமத்தில் இருந்து ஒரு இளைஞனைக் கூட்டிவந்து பாட வைத்தார்கள். பொழுதுபட்டதும் சித்தப்பா என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். கோவில் வீதிக்குள் போகவில்லை. வாழைத்தோட்டத்துப் பக்கம், வெளிச்சம் எட்டாத இடத்தில் சைக்கிளை நிறுத்தினார். இளைஞன் நன்றாகத்தான் பாடினான் என்று நினைக்கிறேன். சனம் கைதட்டும்போதெல்லாம் சித்தப்பாவும் சைக்கிளை இடுப்பில் சாத்திக்கொண்டு கைதட்டினார். அறிவிப்பாளர் சித்தப்பாவின் பெயரைச் சொல்லி, அவர் இன்றைக்கு வரமுடியாமல் போனதற்கு வருந்துகிறோம் என்றபோது மட்டும் சைக்கிள் மணியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார், அடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செத்தவீட்டுக்குப் போய்வந்ததுபோல் கிணற்றடியில் இருவரும் முழுகினோம். “பாட்டுக் கேட்டுட்டு வந்து முழுகிறது உலகத்திலை இந்த வீட்டிலைதான்” என்று அம்மா சொன்னா. சொன்னாலும், துவாய் இரண்டும் கிணற்றுக்கட்டில் முன்னரே வைக்கப்பட்டிருந்தன.

முப்பத்தோராம் நாள் வந்தது. அதுவரை பகிடி பண்ணிக்கொண்டிருந்த அம்மா, யாரும் கேட்காமலே விடிய எழும்பி அடுப்பு மூட்டினா. இறந்தவருக்கு விருப்பமானதைச் சமைத்து, இலை போட்டுப் படைக்க வேண்டும். அதில்தான் சிக்கல் வந்தது.

“தம்பி, அவருக்கு என்ன விருப்பம்?” என்று குசினிக்குள் இருந்தபடி கேட்டா.

சித்தப்பா யோசித்தார். பெரியவர் பாடிய பாட்டுக்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். எந்தச் சொல்லில் மூச்சு எடுப்பார் என்பதும் தெரியும். அவருடைய சாப்பாடு மட்டும் தெரியவில்லை.

“என்ன சாப்பிடுவாரெண்டு தெரியாது அண்ணி. சாப்பிடாததுதான் தெரியும். குளிர்த்தி ஒண்டும் தொடமாட்டார். பாடுறவரைக்கும் தொடுறதில்லை எண்டு ஒரு பேட்டியிலை சொன்னவர்.”

அந்தப் பேட்டியைக் கேட்ட நாளில் இருந்து சித்தப்பாவும் தொடுவதில்லை. தயிர் இல்லை, சர்பத் இல்லை. கிணற்றுத் தண்ணீரையும் சுடவைத்துத்தான் குடிப்பார். நல்லூர்த் திருவிழாவுக்குப் போனால் நாங்கள் எல்லோரும் ஐஸ்கிறீம் கடைக்குள் இருக்க, அவர் வெளியே எங்கள் சைக்கிள்களுக்குக் காவல் நிற்பார். அந்தத் தொண்டையை வீடே காவல் காத்தது. அம்மா கூட அவருக்கென்று ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்திருந்தா. அதில் நாங்கள் கை வைக்க முடியாது.

எனவே தயிர் இல்லாமல், எல்லாக் கறியும் ஆவி பறக்க, பத்திரிகையில் வெட்டிய பெரியவர் படத்துக்கு முன்னால் இலை போடப்பட்டது. மாஸ்டரும் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். பாயாசத்தை இரண்டாம் தரம் வாங்கியபடி கதையைத் தொடங்கினார்.

“இண்டையோடை துடக்கும் கழிஞ்சுது. கோவில்காரர் எல்லாம் உம்மைத்தான் கேக்கினம். அந்தப் பெடியன் பாடினதாம், ஆனால் சனத்துக்குப் பத்தேல்லையாம். இனி என்ன, தொடங்குவமே?”

“பாப்பம் மாஸ்டர்” என்றார் சித்தப்பா, அமைதியாக. மாஸ்டர் சந்தோஷமாக வெற்றிலை போட்டுக்கொண்டு போனார்.

பின்னேரம் சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். “நல்லூருக்குப் போவம், வா.” துடக்குக் கழிந்து கோவிலுக்குத்தான் போகிறோம் என்று நினைத்து நான் திருநீறு பூசிக்கொண்டேன். கோவிலுக்கும் போனோம். வெளி வீதியில் நின்று கும்பிட்டுவிட்டு, அவர் நேரே ஐஸ்கிறீம் கடைக்குள் நுழைந்தார். வழக்கம்போல் சைக்கிளுக்குக் காவல் நிற்பார் என்று எண்ணியிருந்த எனக்கு ஆச்சரியம். சைக்கிளைப் பூட்டிவிட்டு வந்து என் எதிரில் இருந்தார்.

“ரெண்டு ஸ்பெசல்” என்றார் பரிமாறுபவரிடம்.

உயரமான கண்ணாடிக் குவளைகளில் வந்தது. மேலே ஜெலியும் கச்சான் கடலையும் ஒரு விசிறி பிஸ்கட்டும். சித்தப்பா கரண்டியால் ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்து, விழுங்காமல், அது தானாகக் கரையும்வரை அப்படியே வைத்திருந்தார். பிறகு இன்னொரு கரண்டி.

“தொண்டைக்குக் கூடாதெல்லே சித்தப்பா?”

“இனி ஒண்டும் செய்யாது மோனை” என்றார். “நீ குடி, உருகுது.”

தன்னுடையது முடிந்ததும் இன்னொன்று சொன்னார். எனக்கும் வேணுமா என்று கேட்டார். வேணாம் என்று சொல்லும் வயதா அது? இரண்டாவதையும் மெதுவாக, கண்ணாடியின் அடியைக் கரண்டியால் வழித்துக் குடித்தார். வரும் வழியெல்லாம் நான் கதைத்துக்கொண்டே வந்தேன். அவரும் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டே சைக்கிள் மிதித்தார். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தார். துடக்குக் கழிந்தால் மனிதர்கள் இப்படித்தான் ஆகிவிடுவார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். நான் குசினிக்குள் ஓடினேன். அம்மா படையல் வைத்த சட்டிகளை மினுக்கிக்கொண்டிருந்தா.

“அம்மா, நல்லூரிலை ஐஸ்கிறீம் குடிச்சனாங்கள்.”

“நீ குடிச்சிருப்பாய்.”

“இல்லை, சித்தப்பாவும்.”

அம்மாவின் கை நின்றது. “சித்தப்பாவும் குடிச்சவரோ? வடிவாய்ப் பாத்தனியே?”

“ஓம். அவர் ரெண்டு குடிச்சவர்” என்றேன் பெருமையாக.

பெரியவர் இறந்த நாளில் வந்த சனமெல்லாம் அழுதபோது தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றவ அம்மா. அத்தனை நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் காணவில்லை. இப்போது சட்டியைக் கீழே வைத்துவிட்டு, சாம்பல் ஒட்டிய கையின் பின்பக்கத்தால் கண்ணைத் துடைத்தா. துடைக்கத் துடைக்க வந்தது.

தன்னை விட்டுவிட்டுப் போனதுதான் அவவுக்குக் கவலை என்று எனக்கு விளங்கிவிட்டது. பக்கத்தில் போய்க் குந்தியிருந்து, “அழாதேங்கோ அம்மா” என்றேன். “அடுத்தமுறை உங்களையும் கூட்டிக்கொண்டு போறம்.”